இழுவை வீட்டின் டயர்த் தேய்வு: காரணமும் பரிகாரமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நெடுஞ்சாலைகளில் விடுமுறைக் காலத்திற் செல்வோர், மோட்டார் வண்டிகளின் பின்னே சிறு வீடுகள் சக்கரங்களின்மேல் இழுக்கப்பட்டு வருவதை அடிக்கடி காண்பர். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, குளியலறை முதலிய யாவும் தன்னகத்தே கொண்ட இவ்வண்டியை அந்நாட்டார் 'டிராவல் டிரெய்லர்' என்பர். நாம் இழுவை வீடு என்போம். வாலி பயாம் என்பார் நிறுவிய ஏர்ஸ்ட்ரீம் தொழிற்சாலை 1936-ஆம் ஆண்டில் 'கிளிப்பர்' என்னும் அலுமினிய இழுவை வீட்டை வெளியிட்டது. இக்காலத்தில் இந்தியானா மாநிலத்து எல்கார்ட் நகரும் அதன் சுற்றுப்புறமும் இத்தொழிலுக்கு நடுவிடமாக விளங்குகின்றன.

இவ்வண்டியை உடையோர்க்கு நேரும் இடர்களுள் ஒன்று, டயர்கள் எங்கும் ஒரு படித்தாய்த் தேயாது ஓரிடத்தில் மட்டும் மிகுதியாய்த் தேய்ந்துபோதல். பலர் தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டுவதோடு அமைகின்றனர். சில மாதங்களிற் புதியதும் அவ்வாறே தேய்கின்றது. காய்ச்சலுற்றவன் போர்வையை மாற்றினால் காய்ச்சல் நீங்குமோ? டயர் நோயுற்ற உறுப்பன்று; நோயை அறிவிக்கும் நாடியே ஆகும். இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இழுக்கும் மோட்டாரில் ஒரு சக்கரம் கோணினால், ஸ்டியரிங் சக்கரம் ஓட்டுவோன் கையை ஒருபுறமாக இழுத்து அதனை உடனே உணர்த்தும். இழுவை வீட்டிற்கோ அத்தகைய வாயில் இல்லை. பின்னே வருவது நேராய் உருள்கின்றதோ, சாலையைத் தேய்த்துக்கொண்டு வருகின்றதோ என்பது முன்னே இருப்போனுக்குத் தெரியாது. டயர் வெடித்தபின் அறிவதாற் பயனில்லை. கிழிந்த ரப்பர்ப் பட்டை சுழன்று அடித்து வண்டியின் அடித்தளத்தையும், நீர்க்குழாய்களையும், மின்கம்பிகளையும் சிதைக்கும். பின்வரும் வண்டிகளுக்கும் கேடு விளைக்கும். ஆகவே அவ்வூமை வண்டியின் ஒரே மொழியாகிய தேய்வினைப் படிக்கக் கற்றல் இன்றியமையாதது.

தேய்வின் குறிகள்

டயரின் இரு விளிம்புகளும் தேய்ந்து நடுப்பகுதி தேயாதிருப்பின், காற்று குறைவு என்றறிக. நடுப்பகுதி மட்டும் தேயின், சுமைக்கு மிஞ்சிய காற்று. இவ்விரண்டனுள் முன்னதே கொடியது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்தலால் வெப்பம் பிறக்கும். வெப்பத்தால் உள்ளடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும்.

ஒரே அச்சின் இரு டயர்களிலும் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பின், அச்சு வளைந்ததென ஐயுறுக. இவ்வகை அச்சுக் குழாயைச் செய்வோர் அதன் நடுப்பகுதி சிறிது மேல்நோக்கி வளைந்திருக்குமாறு அமைப்பர். சுமை ஏறியவுடன் அது நிமிர்ந்து, சக்கரங்கள் செங்குத்தாய் நிற்கும். சுமை அளவு கடந்தால் வளைவு எதிர்ப்புறமாகி, சக்கரங்களின் உச்சிகள் உள்நோக்கிச் சாயும். அதனால் உள்விளிம்பே பாரத்தைத் தாங்கித் தேயும். ஒரு டயரில் மட்டும் இக்குறி தோன்றின், அப்பக்கத்து அச்சு முனை சாலையோரக் கல்லிலோ பள்ளத்திலோ மோதி வளைந்திருத்தல் கூடும்.

டயரின் மேற்பரப்பைக் குறுக்கே கையால் தடவும்பொழுது, ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் அரம்போற் கூர்மையாகவும் தோன்றின், சக்கரம் தான் செல்லும் வழிக்கு நேராக நில்லாது சிறிது கோணி நிற்கின்றது. உருள்வதோடு பக்கவாட்டிலும் அது இழுக்கப்படுகின்றது. இடையிடையே கிண்ணம்போற் குழிகள் தோன்றின், சக்கரத்தின் எடை சமனாயில்லை, அல்லது பேரிங் தளர்ந்துள்ளது. ஓரிடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருப்பின், பிரேக் பிடித்தபொழுது சக்கரம் சுழலாது வழுக்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரட்டை அச்சு வண்டியைக் குறுகிய இடத்தில் திருப்பும்போது டயர்கள் பக்கவாட்டில் உரசுதல் இயல்பு. அச்சிறு தேய்வை நோயெனக் கொள்ளலாகாது. திருப்பத்தை அகலமாக எடுத்தலே அதற்கு மருந்து.

சோதிக்கும் முறை

முதலில் டயர்களைக் கழற்றுமுன், எது எவ்விடத்தது என்று சுண்ணக்கட்டியால் எழுதிக்கொள்க. டயர் இருந்த இடம் தெரியாவிடின் சான்றிற் பாதி அழிந்தது. பின்னர் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்றிடத்தும் வரிப்பள்ளத்தின் ஆழத்தை அளந்து குறித்தல் வேண்டும்.

அடுத்தது காற்றழுத்தம். வண்டி ஓடுமுன், வெயில் படாதபொழுது இதனை அளத்தல் முறை. எஸ்.டி. 225/75 ஆர் 15 என்னும் அளவுடைய 'ஈ' வகை டயர், சதுர அங்குலத்திற்கு 80 ராத்தல் அழுத்தத்தில் 2,830 ராத்தல் சுமையைத் தாங்கும். அழுத்தம் குறையின் தாங்கும் வலிமையும் குறையும்.

மூன்றாவது எடை. பிரயாணத்திற்கு ஏற்றியபடியே வண்டியை எடைமேடையில் நிறுத்தி, கூடுமாயின் ஒவ்வொரு சக்கரத்தின் பாரத்தையும் தனித்தனியே அறிதல் நலம். நான்கு டயர்கள் சேர்ந்து 11,320 ராத்தல் தாங்குமாதலால் அச்சமில்லை என்று எண்ணுதல் தவறு. அடுப்பும் அலமாரியும் ஒருபுறமிருப்பின் அப்புறத்து டயர்கள் மிகையான பாரம் சுமக்கும். அமெரிக்க அளவில் 40 காலன் நீர்மட்டுமே ஏறக்குறைய 330 ராத்தல் எடையுள்ளது. மேலும் அச்சு தாங்கும் அளவு டயர் தாங்கும் அளவினின்று வேறு. இரண்டனுள் சிறியதே எல்லையாம்.

நான்காவது பேரிங். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, ஜாக்கியைச் சட்டத்தின்கீழ் அமைத்து உயர்த்துக. அச்சுக் குழாயின்கீழ் அமைத்தால் அதுவே வளைதல் கூடும். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பற்றி அசைத்துப் பார்த்தால் பேரிங்கின் தளர்ச்சி புலப்படும்.

ஐந்தாவது அச்சின் நேர்மை. வண்டியின் முன்முனையில் இணைப்புக்கிண்ணத்தின் நடுவிலிருந்து ஒரு தூக்குக்குண்டும், முன் அச்சின் இரு சக்கரக் குடங்களின் நடுவிலிருந்து இரு தூக்குக்குண்டுகளும் விட்டுத் தரையிற் புள்ளியிடுக. முன்புள்ளியிலிருந்து மற்றிரு புள்ளிகளுக்கும் உள்ள தூரம் சமமாயிருத்தல் வேண்டும். 1/8 அங்குலத்திற்கு மேல் வேற்றுமை இருப்பின் அச்சு கோணியதாம். பின்னர் இரண்டு அச்சுகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை இருபுறமும் அளந்து ஒப்பிடுக. இருசமபக்க முக்கோணத்தைப் பள்ளியிற் கற்றோர் அதன் பயனை இங்கே காண்பர்.

பரிகாரம்

காற்றுப் பிழைக்கு அளவுகருவியும், சுமைப் பிழைக்குப் பொருள்களைக் குறைத்தலும் இடம்மாற்றி வைத்தலும் போதும். தளர்ந்த பேரிங்கைத் திருத்தி, தேய்ந்ததாயின் மாற்றி, கிரீஸ் இடுதல் வேண்டும்.

அச்சு கோணியிருப்பின் அதனைக் கோணச் செய்தது யாதென்று நாடுக. ஸ்பிரிங் பட்டைகளைக் கோத்திருக்கும் நடு ஆணி முறிந்தால் அச்சு தன் இருக்கையினின்று நகரும். அவற்றை அச்சோடு பிணிக்கும் 'யூ' வடிவ போல்டுகள் தளர்ந்திருக்கலாம். ஸ்பிரிங்கைத் தாங்கும் கொக்கி வளைந்திருக்கலாம். நைலான் புஷ்கள் தேய்ந்து துளைகள் அகன்றிருக்கலாம். இப்புஷ்களுக்கு மாறாக வெண்கலப் புஷ்களும் கிரீஸ் செல்லும் துளையுடைய போல்டுகளும் இட்டால் நெடுநாள் உழைக்கும்.

வளைந்த அச்சை நிமிர்த்துதல் தேர்ந்த பட்டறையார் வேலை. ஆயினும் சுமையைக் குறையாது அச்சை மட்டும் நிமிர்த்தினால் அது மீண்டும் வளையும். அவ்வாறே, அச்சைத் திருத்தாது டயரை மட்டும் மாற்றினால் டயர் மீண்டும் தேயும். சுமை, அச்சு, டயர் என்னும் இம்முறையே செல்லத்தக்கது; செலவு மிக்கது இறுதியிலன்றோ வருதல் வேண்டும்!

புதிய டயர் வாங்குங்கால் அதன் வயதையும் நோக்குக. பக்கச்சுவரில் உள்ள குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்கள் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்பது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். திருத்தியபின் முதல் ஆயிரம் மைல் கடந்ததும் மூன்றிடத்து ஆழத்தையும் மறுபடி அளந்து பழைய குறிப்போடு ஒப்பிடுக. மூன்றும் ஒத்துக் குறைந்திருப்பின் பரிகாரம் பலித்தது. இன்றேல் சோதனையை மீளத் தொடங்குக.

இயந்திரம் எதுவும் காரணமின்றித் தேய்வதில்லை. கண்ணுக்குத் தோன்றும் கேட்டை மறைத்து அமைவோன் அதனையே மீண்டும் விலைகொடுத்து வாங்குகின்றான். அதன் வேரை நாடுவோன் ஒருமுறை உழைத்துப் பலமுறை பயனடைகின்றான். சக்கரத்தின்மேல் வீட்டையும், வீட்டினுள் மக்களையும் ஏற்றிச் செல்வோர் இதனை மறத்தலாகாது.