ஆங்கில வினையும் முன்னிடைச்சொல்லும்

ஒரு மொழியின் ஆற்றல் அதன் பெருஞ்சொற்களில் மட்டும் அன்று, சிறுசொற்களிலும் உறைகின்றது. பெயருக்கும் வினைக்கும் இடையேயுள்ள உறவை வரையறுப்பவை அச்சிறுசொற்களே. தமிழில் இப்பணியை வேற்றுமை உருபுகள் பெயரின் இறுதியில் நின்று ஆற்றுகின்றன. ஆங்கிலத்தில் அட், டு, இன், வித், ஃபார் முதலிய சொற்கள் பெயருக்கு முன்னே தனித்து நின்று ஆற்றுகின்றன. ஆதலின் அவற்றை முன்னிடைச்சொற்கள் என்கிறோம். அவை வினையின் பொருளை எங்ஙனம் நுட்பமாக மாற்றுகின்றன என்பதைச் சில சான்றுகளால் ஈண்டுக் காண்போம்.

இலக்கும் நோக்கமும்

‘ஷாட் ஹிம்’ என்றால் குண்டு அவன்மீது பாய்ந்தது என்பது பொருள். ‘ஷாட் அட் ஹிம்’ என்றால் அவனைக் குறிவைத்துச் சுட்டான் என்பதே பொருள். குண்டு பட்டதா, தப்பியதா என்பதை அத்தொடர் கூறவில்லை. இரண்டையும் ‘அவனைச் சுட்டான்’ என்றே பெயர்த்தால் நீதிமன்றத்தில் ஒரு சாட்சியின் கூற்றே திரிந்துவிடும்.

‘த்ரோ’ என்பது எறிதல். பந்தை ஒருவன் பிடிக்கட்டும் என்று எறிந்தால் ‘டு’ வரும். அவன்மீது படட்டும் என்று எறிந்தால் ‘அட்’ வரும். தொலைவில் நிற்பவர்க்குக் கேட்கும்படி கூவுவது ‘ஷவுட் டு’. சினந்து ஒருவர்மீது சீறுவது ‘ஷவுட் அட்’. வினை மாறவில்லை, வினை செய்தவனின் நோக்கம் மாறிவிட்டது. ‘டு’ பெறுபவனைக் காட்டுகின்றது. ‘அட்’ இலக்காக்கப்பட்டவனைக் காட்டுகின்றது.

உடன்பாடும் நம்பிக்கையும்

‘அக்ரீ’ என்னும் வினையை நோக்குவோம். ஒருவரோடு கருத்தால் ஒத்துப்போவது ‘அக்ரீ வித்’. பிறர் முன்வைத்த திட்டத்திற்கு இசைவு தருவது ‘அக்ரீ டு’. பலர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருவது ‘அக்ரீ ஆன்’. கருத்தால் ஒத்துப்போகாமலே ஒரு திட்டத்திற்கு இசைவு தருவோர் உண்டு. அவரை ‘வித்’ சேர்த்துக் குறித்தால் அவர் கொள்ளாத கருத்தை அவர்மேல் ஏற்றியவராவோம்.

‘பிலீவ் ஹிம்’ என்பது அவர் கூறியதை உண்மையென ஏற்றல். ‘பிலீவ் இன் ஹிம்’ என்பது அவருடைய ஆற்றலிலும் பண்பிலும் நம்பிக்கை வைத்தல். ‘அவரை நம்புகிறேன்’ என்னும் தமிழ்த்தொடர் இரண்டிற்கும் பொதுவாய் நிற்பதால், மொழிபெயர்ப்போர் இடமறிந்து விரித்துரைத்தல் வேண்டும்.

தமிழொடு ஒப்பீடு

இந்நுட்பம் ஆங்கிலத்திற்கே உரியது என எண்ணற்க. ‘மகனுக்குப் பணம் கொடுத்தான்’ என்றால் பணம் மகனுக்கு உரியதாயிற்று. ‘மகனிடம் பணம் கொடுத்தான்’ என்றால் மகன் கையில் ஒப்படைத்தான் என்பதே பொருள். பணம் வேறொருவர்க்கு உரியதாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் ஆங்கிலம் ‘டு’ என்னும் ஒன்றாலேயே பெரும்பாலும் கூறிவிடுகின்றது. ஓரிடத்தில் ஆங்கிலம் நுணுகுகின்றது. பிறிதோரிடத்தில் தமிழ் நுணுகுகின்றது. இரு மொழியும் ஒத்துச் செல்லும் இடங்களும் உண்டு. ‘டை ஆவ்’ என்பது நோயால் இறத்தல். ‘டை ஃபார்’ என்பது நாட்டிற்காக உயிர் நீத்தல். ‘ஆல்’ காரணத்தையும் ‘ஆக’ நோக்கத்தையும் காட்டுதல் போன்றதே இது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியலை அடுத்து வேற்றுமை மயங்கியல் எனத் தனியே ஓர் இயல் வகுத்தார். உருபும் பொருளும் தடுமாறும் இடங்கள் தனி ஆய்வுக்கு உரியன என்பதை அது உணர்த்தும். ஆங்கிலத்தில் 1755ஆம் ஆண்டு தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனும், வினையோடு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறுவது பிறமொழியாளர்க்குப் பேரிடராகும் என முன்னுரையில் குறித்துள்ளார்.

ஆகவே மாணவர்கள் ஆங்கில வினையைத் தனியே மனனம் செய்வதை விடுத்து, அது ஏற்கும் முன்னிடைச்சொல்லோடும் ஒரு முழுத்தொடரோடும் சேர்த்துக் கற்றல் நன்று. உருபறிந்து தமிழ் கற்றவர்க்கு இது கடினமன்று. பிறர் கூறியதை அவர் கூறியவாறே எடுத்துரைப்பது இலக்கணத் திறம் மட்டும் அன்று. அது நேர்மையும் ஆகும்.