கன்சல்டன்சி படியேறும் முன்

‘பதிவுக் கட்டணம்’ கேட்கும் வேலைவாய்ப்பு கன்சல்டன்சிக்குப் பணம் கட்டாதீர்கள். உள்நாட்டு வேலை என்றால், நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் ஆள் கேட்கும் கம்பெனியிடம்தான் கமிஷன் வாங்குவார்கள். அசல் சான்றிதழை எவரிடமும் விட்டுவர வேண்டாம், நகல் போதும்.

பயோடேட்டாவை எந்தக் கம்பெனிக்கு, என்றைக்கு அனுப்பினார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு ஏஜென்சி அனுப்பினால், கமிஷன் யாருக்கு என்ற சிக்கலில் உங்கள் பெயரையே தள்ளிவிடுவதுண்டு. ‘கூப்பிடுகிறோம்’ என்றவர்கள் கூப்பிடவில்லையா? மனம் உடையாதீர்கள்; பல சமயம் அந்த வேலையே நிறுத்தப்பட்டிருக்கும். ஒரு வாரம் பார்த்து, நீங்களே போன் செய்யுங்கள்.

வெளிநாட்டு வேலையா? ஏஜென்ட்டின் பதிவை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ரசீது கட்டாயம். ‘விசிட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்’ என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள்.