வரலாற்றுப் பரீட்சை முடிந்ததா? விடை ஒப்பிடச் சில குறிப்புகள்

பிளஸ் டூ வரலாற்றுப் பரீட்சை முடிந்ததும், "நாலாவது ஒன் மார்க்குக்கு என்னடி போட்ட?" என்று பிள்ளைகள் சைக்கிள் ஸ்டாண்டிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். கொஞ்சம் பக்குவமாகச் செய்தால் அலைச்சலும் மிச்சம், அழுகையும் மிச்சம்.

1. மூன்று மணி நேரம் எழுதிவிட்டு மதிய வெயிலில் வரும் பிள்ளைக்கு முதலில் நீர்மோரும் சாப்பாடும் கொடுங்கள். வினாத்தாள் அதற்கப்புறம். பசியோடு பார்த்தால் சரியான விடைகூட தப்பாகத் தெரியும்.

2. ஹாலில் வினாத்தாளில் டிக் செய்ய விடமாட்டார்கள். அதனால், தோழிகளிடம் பேசுவதற்கு முன்பே 20 ஒன் மார்க்குக்கும் தான் எழுதிய விடையைப் பென்சிலால் குறித்துவிட வேண்டும். நாலு பேர் சொன்னதைக் கேட்ட பிறகு, தான் என்ன எழுதினோம் என்பதே குழம்பிப்போகும்.

3. எல்லோரும் ஒரே விடையைச் சொன்னாலும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள். ஒருவர் வீட்டில் கூடினால் ஒரே புத்தகம் போதும், ஆளுக்கொன்று சுமக்க வேண்டாம்.

4. வருஷா வருஷம் சண்டை வரும் இடம் ரஷ்யப் புரட்சி. ஒருத்தி 1917 அக்டோபர் என்பாள், இன்னொருத்தி நவம்பர் என்று கண் கலங்குவாள். இரண்டுமே சரிதான். அப்போது ரஷ்யாவில் இருந்த பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி அக்டோபர் 25. நாம் மாட்டி வைத்திருக்கும் காலண்டர்படி நவம்பர் 7. 'பிப்ரவரிப் புரட்சி' மார்ச்சில் வருவதும் இதே கணக்கால்தான். இது தெரிந்தால் அரை மணி நேர வாக்குவாதம் மிச்சம்.

5. முதல் உலகப்போர்த் தேதிகளைப் பார்க்கும்போது கேள்வியின் கடைசி வார்த்தையை விரல் வைத்துப் படியுங்கள். சண்டை நின்றது 1918 நவம்பர் 11, வெர்சேல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28, சர்வதேச சங்கம் நடைமுறைக்கு வந்தது 1920 ஜனவரி 10. மூன்றும் மூன்று வருஷம், மாற்றி எழுதினால் மார்க் போச்சு.

6. இரண்டாம் உலகப்போருக்கும் அப்படியே. ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது 1939 செப்டம்பர் 1. பிரிட்டனும் பிரான்சும் போர் அறிவித்தது செப்டம்பர் 3.

7. ஐந்து மார்க் விடைகளை வரிக்கு வரி ஒப்பிடாதீர்கள், வீண் வேலை. பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம் கேட்டால் ஒருத்தி வரிச்சுமையில் தொடங்கியிருப்பாள், இன்னொருத்தி வால்டேர், ரூசோவில் தொடங்கியிருப்பாள். முக்கியமான குறிப்புகள் வந்திருக்கின்றனவா என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். பக்கக் கணக்கைப் பார்த்து, "அவ அடிஷனல் ஷீட் வாங்கினாளே" என்று பயப்படத் தேவையே இல்லை.

8. வாட்ஸ்அப்பில் அவசர அவசரமாகச் சுற்றும் ஆன்சர் கீயை நம்பி மார்க் போடாதீர்கள். சந்தேகம் உள்ள கேள்விகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, டீச்சரிடம் ஒரே தடவையில் கேட்டால் பத்து போன் மிச்சம்.

9. அரை மணி நேரத்துக்கு அலாரம் வையுங்கள். அலாரம் அடித்ததும் வினாத்தாள் ஃபைலுக்குள் போகட்டும், அடுத்த பரீட்சைப் புத்தகம் கைக்கு வரட்டும். "மொத்தம் எவ்வளவு வரும்?" என்று வீட்டில் யாரும் கேட்கக் கூடாது, தாத்தா உட்பட!

10. பென்சில் குறி போட்ட அந்த வினாத்தாளைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். ரிசல்ட்டில் மார்க் குறைந்தால், விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டலாமா என்று முடிவெடுக்க அதுதான் உதவும். ஒன்றிரண்டு மார்க் வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். பெரிய வித்தியாசம் என்றால் முதலில் நகலை வாங்கி, கூட்டலில் பிழையா, திருத்தியதில் பிழையா என்று பார்த்துக்கொண்டு, அதற்கேற்ப மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பியுங்கள்.