ஒன்பதாந்தேதி சமையல்



சில வருஷங்களுக்கு முன்னர் ரிவர்ஸ்டன் பக்கத்து டிவிஷன் ஒன்றில் நாங்கள் ஒரு சமையல் வகுப்பு நடத்தினோம். பிள்ளைக் காம்பராவில் முப்பது பேர் போல வந்திருந்தார்கள். கரட், போஞ்சி, முட்டை, பால்மா எல்லாம் மேசையில் பரப்பி வைத்து, சத்துள்ள சாப்பாடு எப்படிச் செய்வது என்று விளக்கினோம். எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். வகுப்பு முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "ஐயா, நீங்க காட்டுனது சம்பளத்துக்கு அடுத்த நாள் சமையல். எங்களுக்கு வேணும்கிறது ஒம்பதாந்தேதி சமையல்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் வீடு திரும்பும்போது அந்தச் சொல் மனதை உறுத்தியது. சம்பளம் பெரும்பாலும் 10ஆம் தேதியை ஒட்டித்தான் வருகிறது. அதற்கு முந்திய நாள் காம்பராவில் என்ன இருக்கும்? கொஞ்சம் கோதுமை மா, கொஞ்சம் சீனி, தேயிலைத் தூள். வெறும் ரொட்டியும் தேத்தண்ணியும்தான் அன்றைய சாப்பாடு. ஆகவே இந்தப் பாடத்தை அந்த அம்மாவின் கேள்விக்கே எழுதுகிறோம். இதன் சாரம் ஒன்றுதான்: மாதக் கடைசிக்கான சாப்பாட்டைச் சம்பளம் வாங்கிய அன்றே எடுத்து வைக்க வேண்டும்.

1. நாலு போத்தல் கணக்கு

"சம்பளம் கூடினா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்கிறோம். சம்பளம் கூடத்தான் வேண்டும். ஆனால் விலையும் சும்மா இருப்பதில்லையே. 2021 மார்ச் மாதம் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. 2022 செப்டெம்பரில் கொழும்புக் கணக்கின்படி உணவுச் சாமான்களின் விலை ஒரே வருஷத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தது. அதாவது முந்திய வருஷம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு 195 ரூபா வரை கொடுக்க வேண்டியிருந்தது. கூடிய சம்பளம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படிப்பட்ட காலத்திலும் சில வீடுகள் சமாளித்தன. அவர்கள் என்ன செய்தார்கள் என்று நாங்கள் போய்ப் பார்த்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதே இது.

ஒரு குடும்பம் மாதத்துக்கு 2 கிலோ பருப்பு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒரே பையில் இருந்தால் முதல் கிழமை கறி கெட்டியாக இருக்கும். மூன்றாம் கிழமை தண்ணியாகும். நாலாம் கிழமை பையே இருக்காது. இதற்குப் பதிலாக, வாங்கி வந்த அன்றைக்கே நாலு போத்தலில் 500 கிராம் வீதம் பிரித்துவிடுங்கள். ஜாம் போத்தல், பால்மா டின் எதுவானாலும் கழுவிக் காய வைத்தால் போதும். முதல் கிழமைப் போத்தலின் கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, இரண்டாவதில் இரண்டு முடிச்சு, இப்படி நாலு வரை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கணக்கைப் பிடித்துக்கொள்வார். நாலு முடிச்சுப் போத்தலை மேல் தட்டில், கை எட்டாத இடத்தில் வையுங்கள். கடலை, நெத்தலிக் கருவாடு, சீனி ஆகியவற்றையும் இதேபோலப் பிரிக்கலாம்.

கூடவே நம் முன்னோர் செய்த பிடியரிசி. உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வேறு பானையில் போடுவது. ஒரு பிடி 40 கிராம் என்றாலும் 30 நாளில் 1200 கிராம் சேரும். கடைசிக் கிழமையில் அது ஒரு குடும்பத்துக்கு இரண்டு நேரச் சோறு.

2. ரொட்டியைச் சத்தாக்குவது

ரொட்டியை விடச் சொல்லவில்லை. கொழுந்து மலைக்குக் கட்டிக்கொண்டு போக அதைவிட வசதியான சாப்பாடு இல்லை. ஆனால் தனிக் கோதுமை மா ரொட்டி வயிற்றை நிரப்புமே தவிர, இரத்தம் ஊற உதவாது. அரைக் கிலோ கோதுமை மாவுக்குக் கால் கிலோ குரக்கன் மா கலந்து கொள்ளுங்கள். குரக்கனில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. பால் பிழிந்த தேங்காய்ப்பூவை வீசாமல் இதிலே போடுங்கள். பொடியாக அரிந்த கீரை ஒரு கைப்பிடி, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துப் பிசைந்து சுட்டால், சம்பல் இல்லாமலே சாப்பிடலாம்.

கீரைக்குக் காசு வேண்டாம். லயத்துக்குப் பின்னால் படரும் சவ்சவ் கொடியின் கொழுந்து, பூசணிக் கொழுந்து, ஈரமான இடத்து வல்லாரை எல்லாம் கீரைதான். சுண்டி இறக்கிய பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டால் கீரையின் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். பருப்புக் கறியிலும் இரண்டு சவ்சவ் வெட்டிப் போட்டால், 250 கிராம் பருப்பு போடும் இடத்தில் 125 கிராம் போதும்.

பெரியவர்கள் 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்ச காலத்தை மறக்கவில்லை. அப்போது தோட்டங்களில் பலரைக் காப்பாற்றியது மரவள்ளியும் கீரையும்தான். மரவள்ளியைத் தோல் சீவி, வெட்டி, மூடாத சட்டியில் நிறையத் தண்ணீர் விட்டு அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கசக்கும் கிழங்கைச் சாப்பிடவே வேண்டாம்.

3. தேத்தண்ணி குடிக்கும் நேரம்

தேயிலையை நம்பி வாழும் நாமே தேத்தண்ணியைக் குறை சொல்வதா என்று கேட்பீர்கள். குறை சொல்லவில்லை. நேரத்தை மாற்றத்தான் சொல்கிறோம். தேத்தண்ணியில் உள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ரொட்டியோடு சேர்த்துக் குடித்தால் கீரையும் பருப்பும் சாப்பிட்ட பலன் பாதியாகிவிடும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையையும் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது.

மேலே சொன்ன வகுப்பில் எழுந்து பேசிய அம்மாவையே பிறகு மருத்துவமாது "இரத்தம் குறைவு" என்று சொல்லி எங்களிடம் அனுப்பினார். வீட்டில் கேட்டபோது, எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடுவது அவர் பழக்கம். மாதக் கடைசியில் மிஞ்சுவதே கிடையாது. அப்போது ஒரு கோப்பை தேத்தண்ணியில் ரொட்டித் துண்டை நனைத்துச் சாப்பிட்டுவிட்டு மலைக்குப் போய்விடுவார். ஆகவே வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: கறியைச் சட்டியோடு நடுவில் வைத்துச் சாப்பிடாமல், முதலிலேயே எல்லோருடைய தட்டிலும் பங்கு போடுங்கள். சமைத்தவரின் தட்டும் அந்த வரிசையில் இருக்கட்டும். கர்ப்பிணித் தாய்க்கும் மெலிந்த பிள்ளைக்கும் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாவை வேறு யாரும் பங்கு கேட்கக் கூடாது.

4. காற்றும் விறகும்

ரிவர்ஸ்டன் காற்றைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. கதவு இடுக்கால் வரும் காற்றே அடுப்பின் சூட்டில் பாதியைக் கொண்டுபோகும். காற்று வரும் பக்கம் அடுப்புக்கு ஒரு சின்ன மண்சுவர் எழுப்புங்கள். மூன்று கல் அடுப்பை விட, 1980களில் நம் நாட்டில் அறிமுகமான 'அனகி' என்ற இரட்டை வாய்க் களிமண் அடுப்பு குறைந்த விறகில் இரண்டு சட்டியைக் கொதிக்க வைக்கும். சட்டிக்கு மூடி போடுங்கள். கடலை, பயறு எல்லாம் இரவே ஊறட்டும்.

அரிசி நன்றாகக் கொதித்துப் பாதிக்கு மேல் வெந்ததும், மூடிய பானையை இறக்கி, பழந்துணியும் சாக்கும் திணித்த பெட்டிக்குள் இறுக்கி வையுங்கள். தன் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். சூடு ஆறுமுன் சாப்பிட்டுவிட வேண்டும்.

காட்டில் வெட்டலாம் என்ற நினைப்பு வேண்டாம். நக்கிள்ஸ் மலைக்காடு 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. கவ்வாத்து மிலாறு கிடைக்கும் காலத்தில் கட்டி எடுத்து, ஐப்பசி மழைக்கு முன் அடுப்புக்கு மேல் பரணில் அடுக்கிவிடுங்கள். ஈர விறகின் புகை தாய்க்கும் கைப்பிள்ளைக்கும் நெஞ்சுச் சளியைக் கொண்டுவரும். புகை போக மேலே வழி இருக்கட்டும்.

மூடுபனியால் சாமான் சீக்கிரம் கெடும். உப்பை மூடியுள்ள போத்தலில், அடுப்பு ஆவி படாத இடத்தில் வையுங்கள். அயடின் கலந்த உப்பைக் கறி இறக்கும் நேரத்தில் போடுவதே நல்லது. பூஞ்சணம் பிடித்த செத்தல் மிளகாய், கச்சான், கொப்பரை எதையும் கழுவிப் பாவிக்க வேண்டாம். வீசிவிடுங்கள். மண்ணெண்ணெய்ப் போத்தல் சாப்பாட்டுத் தட்டில் இருக்கவே கூடாது.

5. விருந்தாளி வந்தால்

இதுதான் பல வீடுகளின் கணக்கைக் குழப்பும் இடம். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத் தேருக்குச் சொந்தக்காரர் வருவார்கள். தீபாவளி, பெரியபிள்ளை சடங்கு, காதுகுத்து எல்லாம் வரும். வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவது நம் வழக்கம் இல்லை. அந்த வழக்கம் நல்லது. ஆனால் அதற்காகப் பட்ட கடன்?

அதே அம்மா சொன்னார்: தேர் நேரம் அண்ணன் குடும்பம் வந்தது. கோழி, சோடா, கேக், ஆண்களுக்குச் சாராயம் எல்லாம் வாங்கக் காதுத் தோட்டை அடகு வைத்தார். விருந்து ஒரு பகல்தான். தோட்டைத் திருப்ப எட்டு மாதம் ஆனது. வட்டி கட்டிய மாதங்களில்தான் பருப்பு குறைந்தது, இரத்தமும் குறைந்தது.

பத்துப் பேருக்கு ஒரு கௌரவமான சாப்பாடு இதோ: அரிசி ஒன்றரைக் கிலோ. பருப்பு 400 கிராம். நடுத்தரப் பலாக்காய் ஒன்று. தேங்காய் மூன்று. ஒரு கட்டுக் கீரை. பப்படம். சவ்வரிசிப் பாயாசம். இறைச்சி கட்டாயம் என்றால் ஒரு கிலோ கோழியோடு அவித்துத் தோலெடுத்த பலாக்கொட்டை சேர்த்தால் பத்துப் பேருக்கும் பங்கு வரும்.

மேலே குளிரில் பலா நன்றாக வராது. கீழே ரத்தோட்டைப் பக்கம் தாராளமாகக் காய்க்கும். பிஞ்சுப் பலாக்காயைக் கையில் எண்ணெய் பூசி வெட்டி, மஞ்சள், கொறுக்காப்புளி, வறுத்த கறித்தூள் போட்டு இரண்டாம் பாலில் அவித்து, கடைசியில் கட்டிப்பாலும் நம் மாத்தளை மிளகும் சேர்த்தால் இறைச்சிக் கறி தோற்றுப்போகும். பலாவைக் கேவலமாக நினைக்க வேண்டாம். 1900களின் முற்பகுதியில் ஆர்தர் வி. டயஸ் என்ற பெரியவர் நாடெங்கும் பலா நடச் சொல்லிப் பாடுபட்டார். சிங்கள மக்கள் அவரைக் 'கொஸ் மாமா' என்று அன்போடு அழைத்தார்கள். பலாக்கொட்டையைக் காய்ந்த மணலில் புதைத்து வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. அதுவும் ஒன்பதாந்தேதிக்கு உதவும்.

மாலையில் திடீரென்று வருபவருக்கு அவித்துத் தாளித்த கடலையும் இஞ்சித் தேத்தண்ணியும் போதும். கால் கிலோ கடலை எட்டுப் பேருக்கு வரும். சோடாவும் கேக்கும் வேண்டாம். சாராயத்தைப் பற்றி வேறு சொல்ல வேண்டுமா? விருந்துச் செலவில் அது ஒன்றை நிறுத்தினாலே பாதி வீடுகளில் அடகு வைக்கும் தேவை வராது. வருஷத்தில் எந்தெந்த மாதம் விருந்தாளி வருவார் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே ஐந்தாவதாக ஒரு டின் வைத்து, சம்பளத்துக்குச் சம்பளம் ஒரு சிறு தொகை அதில் போடுங்கள்.

அந்த அம்மா அப்படித்தான் செய்தார். அடுத்த மாசி மகத்துக்கு அண்ணன் குடும்பம் மறுபடி வந்தது. பலாக்காய்க் கறி, பருப்பு, கீரை, பாயாசம். "அண்ணன் ரெண்டு தரம் கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு ஐயா" என்றார். தோடு அவர் காதிலேயே இருந்தது.

வீட்டில் சேர்ந்து பேசிப் பதில் சொல்லுங்கள்:

1. போன மாதம் 9ஆம் தேதி நம் வீட்டில் என்ன சமைத்தோம்?
2. பருப்பு எந்தத் தேதியில் முடிந்தது?
3. சமைத்தவர் என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார்?
4. கடைசியாக வந்த விருந்துக்கு எவ்வளவு கடன் பட்டோம்? அது தீர்ந்ததா?

மூன்றாம் கேள்விக்கு வீட்டு ஆண்களே பதில் சொல்ல வேண்டும். வரும் சம்பளத்திலிருந்து நாலு போத்தலைத் தொடங்குங்கள். நாங்கள் லயத்துக்கு வரும்போது நாலு முடிச்சுப் போத்தலைக் காட்டுங்கள். பார்க்க ஆவலாக இருக்கிறோம்.