அவர் என்றால் எவர்?
(இலக்கணப் பகுதி – ஒன்பதாம் வகுப்பு மாணவி)



நம்ம ஊரைப் பற்றி இணையத்தில் போடுவதற்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நிறையப் பேர் எழுத ஆரம்பித்து விட்டீர்கள். அதனால் இந்தத் தடவை பதிலிடு பெயர் பற்றி எழுதுகிறேன். நான், நாம், நீ, அவர், அது, தான் என்கிற சின்னச் சின்ன வார்த்தைகள்தான். பார்க்கச் சுலபம், எழுதும்போது காலை வாரி விடும்.

முல்லைப் பெரியாறு பற்றித்தான் பாதிப் பேர் எழுதுவீர்கள் என்று தெரியும். இந்த வரிகளைப் படியுங்கள்.

"பிரிட்டிஷ் அரசுக்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் 1886-ல் ஒப்பந்தம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு அணை வேலை தொடங்கியது. அது 999 ஆண்டுகளுக்கானது. அது 1895-ல் முடிந்தது."

நமக்குப் புரிந்து விடும். ஏனென்றால் நமக்குக் கதை முன்னாடியே தெரியும். வெளியூர்க்காரர் படித்தால்? அணை வேலை 999 வருடமா என்று முழிப்பார். இல்லையென்றால் ஒப்பந்தமே 1895-ல் முடிந்து விட்டது என்று நினைத்துக் கொள்வார். அது எவ்வளவு பெரிய தப்பு! "ஒப்பந்தம் 999 ஆண்டுகளுக்கானது. அணை வேலை 1895-ல் முடிந்தது" என்று பெயரையே திரும்பவும் எழுதி விட்டால் சண்டையே இல்லை. ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் அழகு கெடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கட்டுரைப் போட்டியில் வேண்டுமானால் கெடலாம். தகவல் சொல்லும் இடத்தில் கெடாது.

இணையப் பக்கத்தில் இதற்கு இன்னும் அதிகக் கவனம் வேண்டும். புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து படிப்போம். இணையத்தில் தேடி வருகிறவர் நடுவில் வந்து இறங்குவார். நம்ம சுவரிதழ் மாதிரியே என்று வைத்துக் கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தட்டைக் கையில் வைத்துக் கொண்டு யார் முதல் வரியில் இருந்து படிக்கிறார்கள்? கண் போன இடத்தில் படிப்போம். போனில் படித்தால் அதைவிட மோசம். "பென்னிகுக்" என்ற பெயர் மேலே தள்ளிப் போய்விடும், திரையில் "அவர்" மட்டும் நிற்கும். அதனால் ஒவ்வொரு பத்தியும் தொடங்கும்போது ஆள் பெயரை எழுதுங்கள். 'அவர் 1841-ல் பிறந்தார்' என்று தொடங்காமல் 'பென்னிகுக் 1841-ல் பிறந்தார்' என்று தொடங்குங்கள். பெயரைப் போட்டுத் தேடுகிறவருக்கும் பக்கம் கிடைக்கும். 'அவர்' என்று போட்டு யார் தேடப் போகிறார்கள்?

இன்னொன்று. தமிழில் 'அவர்' ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். நம் பக்கத்தைக் கணினி மொழிபெயர்த்தால், யார் என்று தெரியாதபோது அதுவாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். பெண் தலைவரைப் பற்றி நாம் எழுதியது அங்கே ஆண் தலைவராக மாறினாலும் மாறும்.

இதெல்லாம் இணையத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு அத்தை ரேஷன் கார்டில் பெயர் நீக்க மனு கொடுத்தார்கள். வேறொருவர் எழுதிக் கொடுத்த மனு. அதில் இப்படி இருந்தது: "என் நாத்தனாருக்குத் திருமணமாகி விட்டது. என் மாமியார் எங்களுடன் வசிக்கிறார். அவர் பெயரை நீக்கித் தர வேண்டுகிறேன்." நீக்க வேண்டியது நாத்தனார் பெயரை. ஆனால் 'அவர்' என்பதற்கு முன்னால் பக்கத்தில் நிற்பது மாமியார். மாமியார் பெயரை எடுத்து விட்டார்கள்! திரும்பச் சேர்க்க இரண்டு மாதம் ஆனது. அதுவரைக்கும் அந்தப் பாட்டியின் பங்கு அரிசி வரவில்லை. "உசுரோட இருக்கும்போதே என் பேரை எடுத்துட்டாகளே" என்று பாட்டி தெருவெல்லாம் சொல்லி அழுதார்கள். 'அவர்' இருந்த இடத்தில் 'நாத்தனார்' என்று எழுதியிருந்தால் அந்த அலைச்சலே கிடையாது.

அடுத்து எனக்கு ரொம்பப் பிடித்த இடம், நாம் – நாங்கள். கேட்கிற ஆளையும் சேர்த்தால் நாம். சேர்க்காவிட்டால் நாங்கள். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போகிற அம்மாக்களுக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "நாளைக்கு நாம போறோம்" என்றால் உனக்கும் ஜீப்பில் இடம் இருக்கிறது. "நாளைக்கு நாங்க போறோம்" என்றால் நீ வேறு வேலை பார்த்துக் கொள்ள வேண்டியதுதான். குமுளி தாண்டினால் மலையாளத்திலும் இப்படித்தான், நம்மள் என்றும் ஞங்ஙள் என்றும் இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். பாவம், எப்படிச் சமாளிக்கிறார்களோ!

இப்போது எழுதும்போது பாருங்கள். "நாம் பன்னீர் திராட்சை விளைவிக்கிறோம்" என்று இணையத்தில் எழுதினால், சென்னையில் படிக்கிறவர் எப்போது நம்மோடு கொடி கட்டினார்? அங்கே "நாங்கள்" என்றுதான் வர வேண்டும். அதைவிட "கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள்" என்று எழுதினால் இன்னும் நல்லது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் மறக்காமல் எழுதுங்கள். ஆனால் இந்தச் சுவரிதழில் "நாம்" என்றே எழுதலாம். படிக்கிற எல்லாரும் இந்தப் பள்ளிப் பிள்ளைகள்தானே.

'தன்' என்ற சொல்லை நிறையப் பேர் மறந்து விடுகிறோம். "செல்வி மாலாவிடம் அவள் நோட்டைக் கொடுத்தாள்." யார் நோட்டு? தெரியாது. "செல்வி மாலாவிடம் தன் நோட்டைக் கொடுத்தாள்." செல்வி நோட்டு, சந்தேகமே இல்லை. மாலா நோட்டாக இருந்தால் "மாலாவின் நோட்டை மாலாவிடமே கொடுத்தாள்" என்று எழுத வேண்டியதுதான்.

சில இடத்தில் பதிலிடு பெயரே வேண்டாம். "நான் சுருளி அருவிக்குப் போனேன். நான் குளித்தேன். நான் சாப்பிட்டேன்" என்று எழுதுகிறோம். 'போனேன்' என்பதிலேயே 'நான்' இருக்கிறதே! முதல் வரியில் ஒரு தடவை போதும். ஒருமை பன்மையும் பாருங்கள், மாடுகள் என்றால் 'அவை', 'அது' இல்லை.

ஒரு கூடுதல் செய்தி. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று படித்தோம். அவன், இவன் தெரியும், உவன் எங்கே போனான் என்று தோன்றும். யாழ்ப்பாணப் பேச்சில் உவன், உது எல்லாம் இன்னும் இருக்கின்றன. நம்ம பக்கம்தான் தொலைத்து விட்டோம்.

எழுதி முடித்ததும் தாளைப் பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். அவர், அது, அங்கே, அப்போது என்று வருகிற இடத்தில் எல்லாம் விரலை வைத்து "யார்? எது? எங்கே? எப்போ?" என்று கேட்கச் சொல்லுங்கள். உடனே பதில் சொல்ல முடியாத இடத்தில் பென்சிலால் சுழித்து, பெயரை எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் தாள்களை வகுப்புத் தலைவியிடம் கொடுத்து விட வேண்டும்.