சாலை யாருக்கு? நொச்சிக்குப்பம் சொல்லும் பாடம்

வங்கியில் வேலை பார்த்த காலத்தில் ஊர்வலம் வந்து வண்டி நின்றால், "ரோடு என்ன இவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று முணுமுணுத்தவன் நான். இன்று மதுராந்தகம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கீரையும் காயும் கொண்டுவந்து மயிலாப்பூரில் தெருவோரம் விற்கிறேன். இப்போ அதே கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்கிறார்கள். பதிலுக்கான பாடம் கூப்பிடு தூரத்திலேயே இருந்தது.

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் போகிறதே லூப் சாலை, அது மீனவர் குப்பங்களை ஒட்டிப் போகிறது. படகு நிறுத்துவது, வலை காய வைப்பது, மீன் விற்பது எல்லாம் அந்தக் கரையில்தான். 2023 ஏப்ரலில், சாலையோர மீன் கடைகளால் நெரிசல் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. நொச்சிக்குப்பம் மீனவர்கள் படகுகளைக் குறுக்கே போட்டு சாலையை மறித்தார்கள். பிறகு, 2024 ஆகஸ்டில், முந்நூறுக்கும் மேற்பட்ட கடைகளோடு அங்கேயே மீன் சந்தை திறக்கப்பட்டது.

மறியலால் அவதிப்பட்டவர்களும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஆனால் வண்டியில் போகிறவருக்கு மட்டும்தான் சாலையா? சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

மூன்று தீர்ப்புகளை நினைவில் வையுங்கள். பொதுத் தெருவில் கூட்டம் போடுவதை அடியோடு தடுக்க முடியாது, ஒழுங்குபடுத்தலாம் என்றது உச்ச நீதிமன்றம், 1972இல். தெருவோர வியாபாரம் அடிப்படை உரிமைக்குள் வரும், ஆனால் இந்த இடம்தான் வேண்டும் என்று கேட்க முடியாது என்றது 1989இல். பொதுவழியைக் காலவரையின்றி மறித்துப் போராட முடியாது என்றது 2020இல். ஆக, சாலை பொதுச் சொத்து. நடப்பவர், விற்பவர், குரல் கொடுப்பவர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. யாருக்கும் முழுப் பட்டா கிடையாது.

நேரடியாக விற்க நினைக்கும் நமக்கு 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம்தான் கவசம். கணக்கெடுப்பில் பெயர் சேர்த்து, விற்பனைச் சான்றிதழ் வாங்குங்கள். இடம் மாற்றுவதானாலும் அகற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நம்மில் ஒருவர் அந்தக் குழுவுக்குப் போக வேண்டாமா?

நம் பங்குக்கும் ஒழுங்கு வேண்டும். நடப்பவருக்கு வழி விட்டுக் கூடையை வையுங்கள். கழிவைத் திரும்ப எடுத்துப் போங்கள், எருக்குழிக்கு ஆகும். போராடும் நாள் வந்தால் ஆம்புலன்ஸுக்கு ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும்.

வரப்பு இரண்டு வயலுக்கும் பொது. அதை வெட்டிச் சேர்த்துக்கொள்பவரை ஊர் மதிக்காது. சாலையும் அப்படித்தான்.