பிரேக் ஆயில் எல்லாம் ஆயில் அல்ல

முன்னுரை

வண்டியை நிறுத்த உதவும் திரவத்தை நாம் எல்லோரும் "பிரேக் ஆயில்" என்றே அழைக்கிறோம். ஆனால் பெரும்பாலான கார்களில் இருப்பது எண்ணெயே அன்று. பழைய கார் பல கைகள் மாறி வந்திருக்கும். முன்பு இருந்தவர் எதை ஊற்றினார் என்பது தெரியாது. அதை அறியாமல் ஒரு கரண்டி கூட ஊற்றலாகாது. ஏன் என்பதையும், எவ்வாறு கண்டறிவது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

திரவத்தின் பணி

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியை நாம் படித்திருக்கிறோம். பிரேக்கைக் காலால் மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரில் தோன்றும் அழுத்தம், குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் செல்கிறது. திரவம் எளிதில் சுருங்காது. ஆதலால் வண்டி நிற்கிறது. அத்திரவமே சூட்டில் கொதித்து ஆவியானால் என்ன ஆகும்? ஆவி சுருங்கிவிடும். மிதி தரைவரை இறங்கும், வண்டியோ நிற்காது.

மூன்று வகைகள்

முதலாவது, கிளைக்கால் வகை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரப்படி டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை இதில் அடங்கும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஆனால் இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 140 டிகிரியாகக் குறைகிறது. காரின் பெயிண்டையும் இது அரித்துவிடும்.

இரண்டாவது, சிலிக்கோன் வகையான டாட் 5. இது ஈரத்தை உறிஞ்சாது, பெயிண்டைக் கெடுக்காது. ஆதலால் பழைய கார்களைப் பேணுவோர் சிலர் இதை விரும்புகின்றனர். டாட் 5 வேறு, டாட் 5.1 வேறு என்பதை நாம் மறக்கலாகாது.

மூன்றாவது, கனிம எண்ணெய். இதுவே உண்மையான ஆயில். கிளைக்கால் வகைக்கென அமைந்த ரப்பர் வளையங்கள் இதில் ஊறினால் உப்பிப்போகும், பிரேக் செயலிழக்கும்.

கண்டறியும் முறை

நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. டாட் 5 ஊதா நிறமுடையது. நாளடைவில் அந்நிறம் மங்கிவிடலாம். வெளிர்மஞ்சளான கிளைக்கால் திரவமும் பழையதானால் பழுப்பாகும். நிறம் ஏமாற்றும் இடத்தில் தண்ணீர் உண்மையைச் சொல்லும்.

சிறு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு தண்ணீர் எடுத்துக்கொள்வோம். பிரேக் தொட்டியிலிருந்து சில சொட்டுகளை அதில் விட்டு, மூடிக் குலுக்கிச் சற்று நேரம் வைப்போம். முழுதும் கரைந்தால் அது கிளைக்கால் வகை. தனிப்படலமாக மேலே மிதந்தால் சிலிக்கோன் அல்லது கனிம எண்ணெய். இவ்விரண்டையும் பிரித்தறிய, வேண்டாத பழைய பிரேக் ரப்பர் வளையம் ஒன்றை அத்திரவத்தில் ஓரிரு நாள் ஊறவைப்பர். நன்றாக உப்பினால் அது கனிம எண்ணெய் என்று கொள்ளலாம்.

இத்திரவங்கள் நஞ்சாகும். கையுறை அணிந்து, பெரியவர்கள் துணையுடனேயே இச்சோதனையைச் செய்யவேண்டும்.

ஒரு சான்று

பிரான்சு நாட்டின் சித்ரோவன் டி.எஸ். என்னும் கார் 1955 முதல் 1975 வரை தயாரிக்கப்பட்டது. அதில் பிரேக், ஸ்டியரிங், சக்கரங்களின் மேலுள்ள தாங்கு அமைப்பு ஆகிய அனைத்தும் ஒரே திரவத்தால் இயங்கின. தொடக்கத்தில் ஈரம் உறிஞ்சும் சிவப்புத் திரவம் பயன்பட்டது. அதனால் உட்பகுதிகள் துருப்பிடித்தன. 1966-ஆம் ஆண்டில் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறினார்கள். குழப்பம் நேராதிருக்க, அதற்குரிய பாகங்களுக்கும் பச்சை வண்ணம் பூசினார்கள். ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் ரப்பர் பாகங்கள் பாழாகும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரு கார்களுக்குள் இத்தனை வேற்றுமை!

முடிவுரை

வகை தெரிந்தால் அதே வகையை ஊற்றலாம். ஐயம் நீங்காவிட்டாலோ, தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டி, திரவம் முழுவதையும் வடித்து, குழாய்களைக் கழுவி, ரப்பர் வளையங்களை மாற்றி, காரின் கையேடு கூறும் புதுத் திரவத்தை நிரப்பச் செய்வதே நன்று. செலவு சிறிது ஆகலாம். வண்டியில் இருப்போரின் உயிரும், சாலையில் நடப்போரின் உயிரும் அதனினும் பெரியவை அல்லவா?

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு